பெரட்டுப் படமும் புரட்டுப் படமும்

அன்பு மகனே,

இதனால் பதுளையிலும் அதைச் சூழவுள்ள தோட்டங்களிலும் வசிக்கும் சகல பொதுமக்களுக்கும், குறிப்பாக உனக்கும், அறியத் தருவது யாதெனில்: இன்று காலை பல் துலக்கும்போது உன் தந்தையின் மேலுதட்டின் இடது பக்கத்தில் ஒரு முடி கண்டெடுக்கப்பட்டுள்ளது. அது மீசையின் முதலாவது உறுப்பினர் என்று நான் அறிவிக்கிறேன். அது தேயிலைத் தூசு என்று என் அக்கா அறிவிக்கிறாள். முகம் என்னுடையது என்பதால் என் அறிவிப்பே செல்லும். வலது பக்கத்துக்கான நியமனங்கள் பின்னர் வெளியாகும்.

மீசை வந்தவன் அப்பாவாகலாம். அப்பாவானவன் மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதலாம். நீ இன்னும் பிறக்கவில்லை என்பது உன் பக்கத்துத் தாமதம். அதற்காக நான் காத்திருக்க முடியாது, எனக்கு இப்போதுதான் கோபம் வந்திருக்கிறது. நீ வளர்ந்து ஆளாகும்வரை வைத்திருந்தால் ஆறிப்போகும். உன் அம்மா யார் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஹாலிஎலயில் பஸ் ஏறிப் பதுளையில் இறங்கும் ஒருவரிடம் இது பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். அவர் இதுவரை என்னிடம் சொன்னது “கால மிதிக்காதீங்க” என்பது மட்டும்தான். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். இது பகிரங்கக் கடிதம். என் முகநூல் பக்கத்திலேயே போடுகிறேன். நீ போன் வாங்கியதும் தேடி எடுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் அத்தை தோற்றுப்போனாள். அத்தை என்றால் என் அக்கா. பெயர் செல்வி, ஆனால் செல்ஃபி எடுக்கமாட்டாள், தன் முகத்தை எடுப்பது வீண் வேலை என்பாள். பதுளை டவுனில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரின் ஸ்டூடியோவில் வேலை செய்கிறாள். அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் வருகிறவர்களை நிமிர்ந்து உட்காரவைத்து, காது தெரிகிறதா பார்த்து, படம் எடுத்து, சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணம், சடங்கு என்று வெளியே போய் எடுப்பதெல்லாம் நானா. அவரிடம் இருப்பது ஒரேயொரு நல்ல கெமரா. அதனால் அவர் ஒரு நாள் அக்காவிடம் சொன்னார்: “மகள், ஒங்கட கைய நான் பாத்துட்டேன், நல்ல கை. ஒங்களுக்கெண்டு ஒரு கெமரா இருந்தா நாளைக்கே கலியாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். இல்லாட்டி என்ன செய்ய, காதையே எடுத்துக்கிட்டு இருக்கணும்.” அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கத்திலும் கெமராதான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பரா ஒரே அறை என்பதால் அவள் தூக்கத்தில் “நிமிருங்க, நிமிருங்க” என்று சொல்வது எனக்கும் கேட்கும். நானும் நிமிர்ந்து படுப்பேன்.

அந்த ஸ்டூடியோவில் நான் செய்த ஒரு வேலையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உன்னிடம் கூட்டிச் சொல்வதற்கு முன்னால். படம் எடுக்கும் அறைச் சுவரில் “இங்கே சிரிக்கக் கூடாது” என்று ஓர் அட்டை தொங்கும். அரசாங்கப் படத்தில் பல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் அல்லவா, அதற்காக. ஒரு சனிக்கிழமை அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன், அதன் கடைசி எழுத்துகளைச் சுரண்டிவிட்டு “இங்கே சிரிக்கக் கூடும்” என்று திருத்திவிட்டு வந்துவிட்டேன். அன்று வந்தவர்கள் எல்லாரும் அட்டையை வாசித்தார்கள், சிரித்தார்கள். அக்கா எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. நானா என்னைத் துரத்திக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரம்வரை வந்தார். “சிரிப்பு எங்க செல்லும், எங்க செல்லாதுன்னு உனக்குத் தெரியாதாடா?” என்று அக்கா கேட்டாள். மகனே, இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது அக்காவின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துச் சடங்கு வீடொன்றுக்கு நானாவால் வர முடியாமல் போனதால், அந்த ஒரு தடவை மட்டும் கெமராவை அவளிடம் கொடுத்துவிட்டிருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்தைத் தாண்டிப் போனாள். உன் காலத்தில் பெரட்டு இருக்குமோ என்னவோ. காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூட, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புவார், அதுதான் பெரட்டு. பனி மூடியிருக்கிறது. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு. முதல் ஆளாக நிற்கும் என் அம்மா கொட்டாவி விடுகிறாள். கொட்டாவிதான் ஒட்டுவாரொட்டி ஆயிற்றே. பக்கத்தில் நிற்கும் புஷ்பமக்காவுக்கும் வருகிறது, அதற்கடுத்தவருக்கும், அதற்கடுத்தவருக்கும். அக்கா ஒரே ஒரு படம் எடுத்தாள். அதில் அம்மாவின் வாய் மூடிவிட்டது, கண்ணில் மட்டும் ஈரம். புஷ்பமக்காவின் வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. மூன்றாவது ஆள் கையைத் தூக்கி வாயைப் பொத்தப் போகிறார். கடைசியில் நிற்கும் பெண்ணுக்கு மூக்கு மட்டும் விரிகிறது. அவளுக்கு வரப்போகிறது என்று அவளுக்கே இன்னும் தெரியாது. படம் அசையாது, ஆனால் அதற்குள் கொட்டாவி இடமிருந்து வலமாக நடந்து போகிறது. படத்துக்கு அக்கா வைத்த பெயர் ‘பெரட்டு’.

அம்மாவுக்கு அதைக் காட்டியபோது வீடு இரண்டுபட்டது. “ஏன்டி, சேல கட்டி, தலைக்கு எண்ண வச்சு நிக்கிறப்ப எல்லாம் விட்டுட்டு, ஊரு பாக்குறதுக்கு இதத்தான் எடுப்பியா? நானாவது வாய மூடிட்டேன். புஷ்பத்தப் பாரு, உள்நாக்கு வரைக்கும் தெரியுது. நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அம்மா, நல்லாப் பாருங்கம்மா. நீங்க ஆரம்பிச்சது அங்க வரைக்கும் போவுது.”

“நான் என்னத்தடி ஆரம்பிச்சேன், சங்கமா ஆரம்பிச்சேன்?” என்று கேட்டுக்கொண்டே அம்மா படத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். கொண்டுபோனவள் அப்படியே ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து நான் விட்டேன். என்னைப் பார்த்து அக்கா விட்டாள். மூன்று பேரும் வாயைத் திறந்தபடி ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு அம்மா திட்டவில்லை. “புஷ்பத்துக்கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்று மட்டும் சொன்னாள். அக்கா நானாவிடம் காட்டினாள், அவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொட்டாவி விட்டார். “படம் நல்லம் மகள், வலு நல்லம். ஆனா இதுக்கு லைக் விழாது” என்றார். நான் பஸ்ஸில் பலருக்குக் காட்டினேன், வகுப்பில் காட்டினேன். பார்த்தவர்கள் ஒருவர் விடாமல் கொட்டாவி விட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாம்புகூடத்தான் படம் எடுக்கிறது, பார்த்தவனை ஓடவைக்கிறது. பார்த்தவனின் வாயைத் திறக்கவைக்கும் படத்தை நான் அன்றுதான் கண்டேன்.

இந்த நேரத்தில்தான் போட்டி வந்தது. தேயிலையும் மக்களும் என்ற தலைப்பில் ஒரு முகநூல் பக்கத்தார் புகைப்படப் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு கெமரா. பையோடு, இரண்டு கண்ணாடி வில்லைகளோடு. அக்கா அந்த அறிவிப்பை வாசித்துவிட்டு, லயத்துக் கோடியில் தண்ணீர் விழும் பீலியடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி வாசித்தாள், ‘பெரட்டு’ படத்தை அனுப்பிவைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: அதிக விருப்பு பெறும் படமே சிறந்த படமாகத் தெரிவு செய்யப்படும். மகனே, அந்த ‘படமே’யில் உள்ள ஏகாரத்தைப் பார். யார் கொடுத்தது அந்த ஏகாரத்தை? அதிகம் பேர் தின்பதால் ரொட்டிதான் உலகத்திலேயே சிறந்த சாப்பாடா? பதுளை பஸ்ஸில் நிற்க இடமில்லை என்பதால் அதுதான் சிறந்த பஸ்ஸா? அப்படியானால் நான் ஏன் ஒற்றைக் காலில் வருகிறேன்? (இன்னொரு கால் யார் காலின் மேல் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.)

லைக் என்றால் என்ன என்று என் அப்பாவைப் பார்த்தால் தெரியும். அவர் மொனராகலையில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு முறை ஆளாக வருவார். மற்ற நாட்களில் லைக்காக வருவார். யார் எதைப் போட்டாலும் அவர் லைக் போடுவார். கோயில் தேர் என்றாலும் லைக், காணாமல் போன மாடு என்றாலும் லைக். பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர் காலமான செய்திக்கும் அவர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது, போன் எடுத்தேன். “அப்பா, மனுசன் செத்ததுக்குப் போயி லைக் போட்டிருக்கீங்க.” அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நான் பாத்துட்டேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமாடா? தூரத்துல இருக்கிறவன் வேற என்னத்த செய்யிறது?” என்றார்.

போனை வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அது அடிக்கடி நடக்கும் காரியமல்ல. அப்பாவுக்கு லைக் என்பது பாராட்டு இல்லையடா, பெரட்டு. பெயர் கூப்பிட்டால் “இருக்கேன்” என்று குரல் கொடுக்கிற மாதிரி. நான் இருக்கேன், பாத்துட்டேன், மறக்கல. எவ்வளவு நல்ல விஷயம் அது! ஆனால் பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணிப்பார்த்துவிட்டு எந்தக் கணக்கப்பிள்ளையாவது இன்றைக்குக் கொழுந்து பிரமாதம் என்று சொல்வாரா? கொழுந்தைத் தனியாக நிறுத்துப் பார்ப்பார், கையை விட்டுக் கிளறி முற்றல் இலை கிடக்கிறதா என்று பார்ப்பார். வந்த ஆட்களை எண்ணிவிட்டு, பறித்ததை நிறுக்காமலேயே பரிசு கொடுத்தவர்களை என்னவென்று சொல்வது? பெரட்டையும் பாராட்டையும் ஒன்றாக்கினால் கிடைப்பது புரட்டு. இதுதான் என் கட்சி. நீயும் இந்தக் கட்சியிலேயே சேர வேண்டும், அங்கத்தினர் குறைவு.

இனி அந்தப் புரட்டுப் படத்தின் வரலாறு. கொழும்பிலிருந்து ஒருவர் இரண்டு உதவியாளர்களோடும், வெள்ளைக் குடை விளக்குகளோடும், பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்ணோடும் எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான், எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி, “இங்க அட்டை இல்லாத இடம் எது?” மழைக்குப் பிறகு தேயிலைக்குள் இறங்கினால் அட்டை காலில் ஏறத்தானே செய்யும். அட்டை இல்லாத இடமாக அவர் தேடிக் கண்டுபிடித்தது கவ்வாத்து மலை. கவ்வாத்து என்றால் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. அதன் பிறகு மாதக் கணக்கில் அங்கே வெறும் குச்சிதான், ஒரு கொழுந்து இருக்காது. அந்தக் குச்சிக் காட்டுக்கு நடுவில் பட்டுச் சேலைப் பெண்ணை நிறுத்தினார், பின்னால் நமுனுகுல மலை அந்தி வெயிலில் சிவந்துகொண்டிருந்தது. அந்தி நேரத்தில் யார் கொழுந்து எடுக்கிறார்கள்? நிறுவை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரம் அது.

அப்படித் திரும்பிக்கொண்டிருந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. இப்போது பாதிப் பேர் முதுகில் பைதான் கட்டுகிறார்கள், அம்மா இன்னும் கூடைக்காரி. கொழும்புக்காரருக்குக் கூடையைக் கண்டதும் கண் விரிந்துவிட்டது. கெஞ்சிக் கேட்டார், அம்மாவும் கழற்றிக் கொடுத்தாள். கொழுந்தெல்லாம் நிறுத்துப் போட்டாயிற்று, கூடை வெறுமை. உதவியாளர் ஓடிப்போய் ரோட்டோரத்து வேலிச் செடியை ஒடித்து நிரப்பினார். அந்தப் பெண் கூடைக் கயிற்றைத் தலையில் போடாமல் கைப்பையை மாட்டுவது போல் தோளில் மாட்டினாள். அம்மா தன் கூடைக்கு என்ன கதி நேருமோ என்று பக்கத்திலேயே நின்றாள். அப்போது அவர் சொன்னார், “அம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்க. படத்துல விழுறீங்க.”

“நான் எங்கயும் விழலயே தம்பி, நின்னுகிட்டுதானே இருக்கேன்” என்றாள் அம்மா.

அவர் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்துக்கொண்டே தள்ளிப்போனாள். அன்று நானும் சிரித்தேன். பிறகுதான் எரிந்தது. கூடை உள்ளே, கூடையைச் சுமந்தவள் வெளியே. நாள் முழுக்க நின்ற மலையில், மண் அப்பிய படங்கோடு நின்றதற்காக ஒருத்தியைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, ‘மலையகப் பெண்ணின் புன்னகை’ என்று தலைப்புப் போட்டு, குச்சிக்கெல்லாம் கம்ப்யூட்டரில் பச்சை பூசி, அதே போட்டிக்கு அனுப்பிவைத்தார். அட்டைக்குப் பயந்தவர் எடுத்ததைப் பத்திரிகை அட்டைப்படம் மாதிரி இருக்கிறது என்று கொழும்பில் நாலு பேர் எழுதினார்கள். வேலிச் செடியைத் தேயிலை என்று நம்பும் கூட்டத்திடம் போய் எது நல்ல படம் என்று கேட்டால் என்ன பதில் வரும்? ரசனை கெட்ட சனம், மகனே. விரல் இருக்கிறது, கண் இல்லை.

சும்மா இருப்பானா உன் அப்பன்? அந்தப் படத்தை எடுத்து என் பக்கத்தில் பகிர்ந்து, மேலே ஒரே ஒரு வரி எழுதினேன்: “கொழுந்தே இல்லாத மலையில் இது யாருடைய கொழுந்தியா?” அவ்வளவுதான். காட்டுத் தீ தோற்றது. ஹாலிஎலயிலிருந்து நமுனுகுல வரைக்கும், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் அந்த வரி போய்விட்டது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது “கொழுந்தியா தம்பிதானே நீங்க?” என்று கேட்டார். டியூசன் மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். கால மிதிக்காதீங்க என்று சொன்னவர்கூட அன்று என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். என் நகைச்சுவை எவ்வளவு தரமானது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அத்தனை ஆயிரம் பேருக்குப் பிடித்திருக்கிறதே! (படத்துக்குச் சொன்ன நியாயம் நகைச்சுவைக்குப் பொருந்தாது. ஏன் என்று நீ பெரியவனானதும் யோசித்துச் சொல்.)

நேற்று முடிவு வந்தது. ‘மலையகப் பெண்ணின் புன்னகை’ முதலிடம். எங்கள் ‘பெரட்டு’ எங்கோ அடியில், மாமன் மச்சான் போட்ட லைக்குகளோடு கிடந்தது. போட்டிக்குக் கூட்டம் திரள்வதற்கு முன்னால் முதல் இரண்டு இடத்துக்குள் நின்ற படம் அது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவு பிசையத் தொடங்கினாள். நான் குதித்தேன். சனத்தைத் திட்டினேன், கொழும்பைத் திட்டினேன், இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். “நெறய பேருக்குப் புடிச்சதெல்லாம் குப்பைதான், அதுதான் சட்டம்” என்று கத்தினேன்.

“அப்படியெல்லாம் சட்டம் இல்லடா” என்றாள் அக்கா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். “நெறய பேருக்குப் புடிச்ச நல்ல படமும் இருக்கு. யாருமே பாக்காத குப்பையும் இருக்கு, நான் எடுத்ததே கெடக்கு. புடிச்சுதான் அமுக்கினாங்களா, வேற எதுக்கும் அமுக்கினாங்களான்னு தெரிஞ்சா சொல்லலாம்.” பிறகு, “சரி விடு. நாளைக்கு நெறய பாஸ்போட் இருக்குன்னு நானா சொன்னாரு. காது எடுக்கணும்” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இப்போது இந்தக் கடிதத்தை இடையில் விட்டுவிட்டு அந்தப் பக்கத்தாருக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். மக்கள் பார்த்துச் சிரித்த படத்துக்கா பரிசு, உங்களுக்குக் கண்ணில்லையா, மனசாட்சி இல்லையா என்றெல்லாம். உடனே பதில் வந்தது. அதை உனக்கு அப்படியே தருகிறேன்: “தம்பி, விருப்பு, இதயம், சிரிப்பு எல்லாமே எண்ணிக்கையில் சேரும். உங்கள் பகிர்வுக்குப் பிறகுதான் எங்கள் போட்டி இவ்வளவு பேரைச் சென்றடைந்தது. மிக்க நன்றி.”

மகனே, இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பீலியடிக்குப் போய்வந்தேன்.

மேலே நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. கொழுந்தியா வரிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தேன்: “சும்மா போகாதீங்க, படத்துக்கிட்ட போய் ஒரு சிரிப்பு வச்சிட்டுப் போங்க.” சொல் தட்டாத சனம் எங்கள் சனம். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சிரிப்பு வைத்துவிட்டு வந்தார்கள். மொனராகலையிலிருந்து அப்பா போனார்; வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டைவிரலை விட்டுவிட்டுச் சிரிப்பு முகத்தை அமுக்கினார், மகன் கேட்டானே என்று. நானா போனார். புஷ்பமக்காவின் போனை வாங்கி அம்மா போனாள். எல்லாருக்கும் முதலில் போனது யார் தெரியுமா? வரியை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “டேய், உனக்கு வாய்தான்டா” என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாளே, உன் அத்தை. கெமராவைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தது எங்கள் குடும்பம்தான். வழியனுப்பி வைத்தது நான்.

ஆகையால் ரசனை கெட்ட சனம் என்று எழுதியதை அடித்துவிட வேண்டும். சனத்துக்கு ரசனை சரியாகத்தான் இருந்திருக்கிறது. பொய்யைப் பார்த்துச் சிரித்தார்கள், நிஜத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். சிரிப்புக்கு ஒரு பொத்தான் இருந்தது, கொட்டாவிக்கு இல்லை. கொட்டாவிக்கு ஒன்று இருந்திருந்தால் அக்கா இந்நேரம் கல்யாண வீட்டில் நிற்பாள். எண்ணுகிறவன் என்னத்தை எண்ணினான் என்று தெரியாமல் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு படத்தை எடைபோடாதே. உன் அப்பனின் நகைச்சுவையையும் அப்படி எடைபோடாதே. அதைப் பற்றி மேலே எழுதிய பெருமைகளை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். பீலியடியில் இன்னொரு தடவை சவர்க்காரம் போட்டு முகம் கழுவியதில் மீசையும் வாபஸ் ஆகிவிட்டது. தேயிலைத் தூசுதான். ஆகவே நான் இன்னும் யாருக்கும் அப்பா இல்லை. நீயும் அவசரப்பட்டுப் பிறக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அதே பக்கத்தில்தான் போடுகிறேன், அதே சனம் பார்க்கிற இடத்தில். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பாஸ்போட் வெட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அக்கா இதை வாசிப்பாள்.

அக்கா, கோபம் வந்தால் வரட்டும், சிரிப்பு மட்டும் வந்துவிடக் கூடாது. வந்தாலும் அந்தப் பொத்தானை அழுத்திவிடாதே, அதுவும் எங்காவது கணக்கில் சேர்ந்துவிடும். எதையாவது அழுத்தத்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு வா. கழுத்து இருக்கிறது. நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறேன்.